மாவு பூசி மூடிய சட்டி

ஊரில் அவளுக்குக் குளோரின் அசிமினா என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் கிரேக்க நாட்டுக் கித்தியோ துறைமுகத்தில் வெறும் அசிமினா என்றால் எந்த அசிமினா என்று கேட்பார்கள், குளோரின் என்றால் கையை நீட்டி வீட்டைக் காட்டிவிடுவார்கள். வாசற்படியைக் கழுவுவாள், படிக்கு முன்னால் இருக்கும் தெருவைக் கழுவுவாள், அந்த நேரம் பார்த்துப் பூனை ஏதாவது குறுக்கே வந்தால் அதையும் கழுவி அனுப்புவாள் என்று கேலி. பேசுகிற வாய்க்கு என்ன, பேசும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டு மேஜையில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருந்தால், பேசினவர்களும் குளோரின் புட்டியைத் தேடி ஓடியிருப்பார்கள்.

ஞாயிறென்றால் தாம்பாளம். மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த செம்புத் தாம்பாளம், உள்ளே ஈயம் பூசியது, ஒரு ஆள் இரண்டு கையாலும் தூக்கவேண்டிய அகலம். ஆட்டுத்தொடையும் உருளைக்கிழங்கும் எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயுமாக அதை நிரப்பி, காலையிலேயே ரொட்டிக்கடை அரிஸ்தோஸிடம் கொடுத்துவிடுவார்கள். ரொட்டி சுட்டு முடித்த விறகடுப்பில் ஊர்ச் சமையல் அத்தனையும் வரிசையாக உள்ளே போகும். கோயிலில் பூசை முடியும்போது எல்லாம் வெந்து சிவந்து தயாராக இருக்கும். தெருவெல்லாம் ஆட்டுக்கொழுப்பு மணக்கும். மற்றவர்களுக்கு நாக்கில் நீர் ஊறும், அசிமினாவுக்குக் குமட்டும்.

சமையலில் ஒரு குறையும் இல்லை, சமைப்பவளே அவள்தானே. கறியையும் பூண்டையும் உப்பையும் அவள் கைபோல் பக்குவம் பார்த்துச் சேர்க்க அந்தத் தெருவில் ஆளில்லை. அதற்கப்புறம் நடப்பதுதான் கண்ணராவி. தாம்பாளம் மேஜை நடுவில் வந்து உட்காரும். தட்டு கிடையாது. தட்டெல்லாம் வெளியாளுக்கு, வீட்டு ஆளுக்கு எதுக்கு என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆளுக்கு ஒரு முள்கரண்டி, ஆளுக்கு ஒரு துண்டு ரொட்டி. ரொட்டியைக் குழம்பில் முக்குவார்கள், கடிப்பார்கள், கடித்த அதே துண்டை மறுபடியும் முக்குவார்கள். சீ! மாமனார் இருந்தவரை, சாப்பிட ஆரம்பிக்கும் முன் பல்செட்டைக் கழற்றித் தாம்பாளத்தின் விளிம்போரமாக வைப்பார். அது எல்லோர் சாப்பாட்டையும் பார்த்து இளித்துக்கொண்டே இருக்கும். புருஷன் தோதோரிஸ் படகு இஞ்சின் பழுது பார்ப்பவன், நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு கிரீஸ். அந்த விரலால்தான் எலும்பை எடுத்து, உள்ளிருக்கும் மஜ்ஜையை உறிஞ்சி, வெறும் எலும்பைத் திரும்பவும் தாம்பாளத்திலேயே போடுவான்.

இதெல்லாம் கூட ஒரு பக்கம். இதற்கெல்லாம் முன்னால் ஒன்று நடக்கும். நாத்தனார் ஸ்டமாதா எழுந்து நிற்பாள்.

ஸ்டமாதா தோதோரிஸின் அக்கா. கல்யாணம் ஆகாதவள், அகலமான உடம்பு, அதைவிட அகலமான மனசு என்று ஊர் சொல்லும். தாம்பாளத்தின் மேல் குனிந்து, "கண்ணு பட்டுடக் கூடாது, தூ! தூ! தூ!" என்பாள். மற்ற வீடுகளில் அது வெறும் வாய்ச்சத்தம். ஸ்டமாதா மனசறிந்து துப்புகிறவள். முன்பல் ஒன்று விழுந்த பிறகு கேட்கவே வேண்டாம், ஜன்னல் வெயிலில் சாரல் பளபளப்பது மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்தே தெரியும்.

அசிமினா இப்படி ஒரு வீட்டில் பிறந்தவள் இல்லை. ஸ்பார்த்தாவில் அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, சண்டைக் காலத்தில், அண்ணன் நிகிஃபோரோஸுக்கு எலும்புருக்கி வந்தது. அவனுக்கென்று நீலக்கரை போட்ட ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு குவளை. சாப்பிட்டதும் அம்மா அதையெல்லாம் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைப்பாள். கதவுக்கு வெளியே நின்றுதான் அவனிடம் பேசவேண்டும், அதுவும் வாயில் துணியை வைத்துக்கொண்டு. அவன் இருமித் துப்பும் கிண்ணத்தில் அம்மா சுண்ணாம்பு போட்டு வைத்திருந்தாள். அவன் போனதும் தட்டை உடைத்துக் கொல்லையில் குழிதோண்டிப் புதைத்தார்கள். எச்சில் பட்டால் ஆள் செத்துப்போவான் என்று அன்றைக்கு மனசில் ஆணியடித்ததுதான், பிறகு யாராலும் பிடுங்க முடியவில்லை.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு. ஸ்டமாதா எழுந்தாள், குனிந்தாள், துப்பினாள். புதுப்பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கொல்லைக்கு ஓடி, எலுமிச்சை மரத்தடியில் வாந்தியெடுத்தாள். உள்ளே ஒரே கூத்து. "வந்து ஒரு வாரம் முழுசா ஆகலை, அதுக்குள்ளயா! என் புள்ள சிங்கக்குட்டிடா!" என்று மாமனார் மேஜையைத் தட்டிச் சிரித்தார், பல்செட் துள்ளிக் குழம்பில் விழுந்தது. அவர் அதை எடுத்து நக்கிவிட்டு மாட்டிக்கொண்டார். அசிமினா கதவருகே நின்று அதைப் பார்த்தாள், திரும்பவும் மரத்தடிக்கே போனாள்.

அப்போதுதான் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்தாள். வயிற்றில் புண், ஸ்பார்த்தா டாக்டர் சொன்னார், கொழுப்பும் புளிப்பும் ஆகாது, தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடவேண்டும். யாரும் சந்தேகப்படவில்லை, முதல் வாந்தியையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அன்று முதல் தாம்பாளத்தோடு ஒரு சின்ன மண்சட்டியும் ரொட்டிக்கடைக்குப் போக ஆரம்பித்தது. அதே கறி, அதே உருளைக்கிழங்கு, அதே எலுமிச்சை, ஒன்றும் குறைவில்லை. மூடியைப் போட்டு, சுற்றிலும் மாவு உருட்டி ஒட்டி அடைத்துவிடுவாள். ஈ நுழையாது, காற்று நுழையாது, ஸ்டமாதாவின் வாய் நுழையவே நுழையாது.

இரண்டையும் ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோவதும் கோயிலிலிருந்து வரும்போது எடுத்துவருவதும் ஸ்டமாதாவின் வேலை. தோள் பலம் அவளுக்குத்தான் உண்டு. அசிமினா வீட்டில் இருந்து மேஜை போடுவாள். எல்லோரும் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்ததும், "என் கஞ்சியை நான் குடிக்கிறேன்" என்று அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நின்றபடியே மாவை உடைப்பாள். ஆவி முகத்தில் அடிக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் வாரம் முழுக்க உயிரோடிருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்று வரும். கடைசிச் சொட்டுக் குழம்பையும் ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவாள். அவள் ஒட்டும்போது மாவு கோணல்மாணலாக இருக்கும், கை ரொட்டிமாவுக்குப் பழகாத கை. வெந்து வரும்போது என்னவோ கயிறு திரித்தது போல அழகாகத் திரண்டிருக்கும். சூடு செய்கிற வேலை என்று நினைத்துக்கொள்வாள்.

இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடிற்று. மாமனாரும் மாமியாரும் போய்ச்சேர்ந்தார்கள். பிள்ளை லிகூர்கோஸ் வளர்ந்து கலமாத்தாவில் பள்ளிக்கூட வாத்தியார் ஆனான். அங்கே மிர்சினி என்று ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். அசிமினா போய்ப் பார்த்தாள். பெண்ணைவிடப் பெண்ணின் அம்மாவைத்தான் அவளுக்குப் பிடித்துப்போனது.

அம்மா பெயர் பெர்சிஃபோனி. நீதிமன்ற எழுத்தர் ஒருவரின் விதவை, கையுறை போடுகிறவள். கேக்கைக் கத்தியாலும் முள்கரண்டியாலும் வெட்டிச் சாப்பிட்டாள். காபியில் ஒவ்வொரு வாய் குடித்ததும் கோப்பையின் விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்தாள். அசிமினாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷம் கழித்து, கடைசியில் ஒருத்தி! இவள் சம்பந்தியாக வரவேண்டும். வந்தால் குடும்பத்தில் தனக்கும் ஒரு ஆள் உண்டு, நான் ஒன்றும் கிறுக்கு இல்லை என்று சொல்ல ஒரு வாய் உண்டு. பஸ்ஸில் திரும்பி வரும்போது கோயிலுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

பிறகு வந்தது இடி. சம்பந்தியம்மாளையும் பெண்ணையும் ஞாயிற்றுக்கிழமை தாம்பாளத்துக்கு வரச்சொல்லிவிட்டேன் என்றான் மகன்.

"கடைக்குக் கூட்டிட்டுப் போகலாமே. கடற்கரைல நல்ல ஓட்டல் இருக்கு" என்றாள் அசிமினா.

தோதோரிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "சம்பந்தியை ஓட்டலுக்கா? வீட்ல அடுப்பு எரியலையான்னு ஊரே சிரிக்கும். உனக்கு வயித்துல புண்ணுன்னா மூளையிலயுமா?"

ஆக, தாம்பாளம்தான். அப்புறம் அசிமினா தூங்கவில்லை. தட்டு போட்டுவிடலாம், விருந்தாளிக்குத் தட்டு போடுவது அந்த வீட்டுச் சட்டத்துக்கும் ஒத்துவரும். புருஷன் நகத்தை பிரஷ் போட்டுத் தேய்த்துவிடலாம். ஸ்டமாதாவை என்ன செய்வது? அந்தக் கையுறைக்காரி முன்னால், ஜன்னல் வெயிலில், அந்தச் சாரல்! எழுந்து போய்விடுவாள். கல்யாணம் அன்றோடு சரி.

சனிக்கிழமை அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்த நாத்தனார் முன்னால் போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அக்கா, நாளைக்கு ஒருநாள் மட்டும்... தாம்பாளத்து மேல துப்பாதீங்க."

ஸ்டமாதா கையிலிருந்த அவரைக்காயை வைத்தாள். "ஏன்டி?"

"வர்றவங்க பெரிய இடம். அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமிருக்காது."

"பெரிய இடத்துக்குக் கண்ணே கிடையாதா? அவங்க கண்ணுதான்டி பெரிய கண்ணு."

"என் பையன் கல்யாணம் அக்கா. கால்ல வேணாலும் விழறேன்."

"விழாதே, தரையைத் துடைச்சு வெச்சிருக்கே, வழுக்கும்" என்றாள் ஸ்டமாதா. சிரிக்காமல் சொன்னாள். அவரைக்காயை எடுத்து மறுபடியும் நார் உரித்தாள். "சரி. துப்பலை. எனக்கென்ன. ஆனா ஏதாச்சும் ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா எங்கிட்ட வந்து அழாதே."

வாக்குக் கொடுத்தாலும் அசிமினாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஞாயிறு காலை, "முதுகு வலிக்கும், நீங்க சும்மா இருங்க" என்று சொல்லித் தாம்பாளத்தையும் சட்டியையும் தானே ரொட்டிக்கடைக்குத் தூக்கிப்போனாள். தானே போய் எடுத்தும் வந்தாள். தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. அரிஸ்தோஸ் எதையோ சொல்ல வாயெடுத்தான். பேச நேரமில்லை என்று கிளம்பிவிட்டாள். வரும் வழியெல்லாம் துணியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். கறி பொன்னாகச் சிவந்து, உருளைக்கிழங்கு ஓரம் முறுகி, சொக்கத் தங்கமாக இருந்தது. அதன்மேல் எவர் வாயும் படவில்லை.

மேஜை விரிப்பு வெள்ளை, தட்டு வெள்ளை. பெர்சிஃபோனி வந்து கையுறையைக் கழற்றி உட்கார்ந்தாள். மிர்சினி பக்கத்தில். தாம்பாளம் நடுவில் வந்தது. ஸ்டமாதா எதிரே நாப்கினை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண் மட்டும் தாம்பாளத்தின் மேலேயே இருந்தது.

"அம்மாடியோ!" என்றாள் பெர்சிஃபோனி. "என்ன நிறம்! என்ன வாசனை! கலமாத்தால தேடினாலும் இப்படி ஒரு கை கிடையாது, சம்பந்தியம்மா! ஆயுசுக்கும் பார்த்ததில்லை!"

ஸ்டமாதா நடுங்கினாள். இத்தனை புகழ்ச்சி, ஒரு தூ இல்லாமல்! நெற்றியில் வேர்த்தது. மேஜைக்கடியில் கால் துடித்தது. அசிமினா அவளைக் கண்ணால் கட்டிப்போட்டாள். மனசுக்குள் ஒரே கொண்டாட்டம். ஜெயித்துவிட்டேன், இனி தட்டில் பரிமாறவேண்டியதுதான் பாக்கி என்று கரண்டியைக் கையிலெடுத்தாள்.

"ஐயையோ, இருங்க இருங்க!" என்று பெர்சிஃபோனி நாற்காலியிலிருந்து எழுந்தாள். "நான் பாட்டுக்குப் புகழ்ந்துட்டே போறேன், ஒருத்தருமே துப்பலையே! இப்படிப்பட்ட தாம்பாளத்தை இப்படியேவா விடுவாங்க?" முத்துமாலை குழம்பில் பட்டுவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மேஜை மேல் குனிந்தாள். "தூ! தூ! தூ!"

ஸ்டமாதாவின் துப்பலாவது சாரல். இது மழை.

"அப்பாடா" என்றாள் ஸ்டமாதா, நாப்கினை எடுத்துவிட்டு.

"இந்தத் தட்டெல்லாம் எதுக்கு? எடுங்க எடுங்க. வீட்ல தனியாத் தட்டுல தின்னு தின்னு செத்துப்போச்சு நாக்கு" என்று சொல்லி, ரொட்டியைப் பிய்த்து, முக்கி, கடித்து, மறுபடியும் முக்கினாள் கையுறைக்காரி. தோதோரிஸ் சந்தோஷத்தில் தொடையைத் தட்டினான். "இவங்கதான்டா சம்பந்தி!" பெர்சிஃபோனி ஒயின் குடித்துவிட்டுக் கைக்குட்டையால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் துடைத்தாள். குவளையில் இருந்தது அவளுடைய உதட்டுச்சாயம். அன்றைக்குக் காபிக் கோப்பையில் துடைத்ததும் அதுதான். அசிமினாவுக்கு அழுகை வந்தது. மெழுகுவர்த்தி வேறு நேர்ந்திருந்தாள், அத்தனை பெரிய மெழுகுவர்த்தி!

"நீங்க சாப்பிடலையா?" என்றாள் மிர்சினி. நல்ல பெண். அவள் உதட்டிலும் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

"வயித்துல புண்ணும்மா. உள்ள எனக்குத் தனியா இருக்கு."

கல்யாணம் நிச்சயம், அதில் இனிச் சந்தேகமில்லை. அழக் காரணமே இல்லை. ஆனாலும் அடுக்களைக் கதவைச் சாத்தியபோது உலகத்தில் தனக்கென்று மிச்சமிருப்பது இந்தச் சட்டி ஒன்றுதான் என்று தோன்றியது. முன்னால் இழுத்தாள். மாவு கோணலாக இருந்தது, ஓரிடத்தில் தடிப்பாக, ஓரிடத்தில் வெடித்து. காலையில் அவள் ஒட்டின அதே கோணல். இது ஏன் இன்றைக்கு மட்டும் திரளவில்லை? யோசித்தபடியே உடைத்து, ஒரு துண்டு கறியை வாயில் போட்டாள்.

கதவு திறந்தது. ஸ்டமாதா உள்ளே வந்து, சட்டியைப் பார்த்து, கையைப் பிசைந்தாள்.

"சாப்பிட ஆரம்பிச்சுட்டியா? ஐயோ."

அசிமினா மென்றபடி தலையை நிமிர்த்தினாள்.

"தாம்பாளத்துக்கு மட்டும்தானே நீ துப்ப வேண்டாம்னு கேட்டே. சட்டியையும் நீயே தூக்கிட்டுப் போவேன்னு எனக்கென்ன தெரியும்? காலையிலேர்ந்து எனக்கு மனசே சரியில்லை. இத்தனை வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை விட்டதில்லடி நான்."

அசிமினாவின் தாடை நின்றது.

"உனக்குத் தெரியாது. நான்தான் சொல்லிக்கலை" என்றாள் ஸ்டமாதா, கொஞ்சம் வெட்கத்தோடு. "கடைக்குப் போனதும் உன் மாவைப் பிரிச்சுடுவேன். சட்டிக்குள்ள துப்பிட்டு, அரிஸ்தோஸ்கிட்ட நல்ல மாவா ஒரு உருண்டை வாங்கித் திரிச்சு ஒட்டிடுவேன். உன் மாவு எனக்குப் பிடிக்காதும்மா, பார்க்கச் சகிக்காது. தாம்பாளத்துக்கு மூணு தடவை. உனக்கு நாலு. உங்க வீட்ல நோய் இருந்துச்சுன்னு தோதோரி சொன்னான். அண்ணனைக் குடுத்துட்டு, வயித்துல புண்ணோட, குச்சியா வந்து நின்னே. கண்ணு பட்ட பொண்ணுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதான் நாலு. இல்லாட்டி நீ இத்தனை வருஷம் தாங்கியிருப்பியா?"

வாயில் கறி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அத்தனை ஞாயிறும்! அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆவியை மோந்து மோந்து, கடைசிச் சொட்டை ரொட்டியால் துடைத்து, விரலையும் நக்கி... சீ! வயிற்றிலிருந்து புரண்டு தொண்டை வரை வந்தது. எலுமிச்சை மரம் ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

வந்தது தொண்டையோடு நின்றுவிட்டது. புண் என்று எந்தக் காலத்திலும் ஒன்று இருந்ததில்லை என்பதை இவளிடம் எப்படிச் சொல்வது? இந்தப் பெரிய முட்டாள் பொம்பளை, வாரம் தவறாமல், இல்லாத புண்ணுக்கு மருந்து போட்டிருக்கிறாள். நிகிஃபோரோஸின் கதவு ஞாபகம் வந்தது. அவன் கூப்பிடுவான், இவள் துணியை வாயில் அழுத்திக்கொண்டு நிற்பாள். அந்தக் கதவைத் தாண்டி அவன் பக்கத்தில் போய், நீ நல்லா இருக்கணும்டா என்று வாய் திறந்து சொன்னவர் ஒருத்தரும் இல்லை.

அவள் வாயிலிருந்ததை விழுங்கினாள்.

ஸ்டமாதா இன்னும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்குப் பார்த்து ஒண்ணும் போடலை. கல்யாணம் முடிவான நாள் வேற. ஊர்க் கண்ணெல்லாம் உம்மேலதான்." பாதிக் குரலில் கேட்டாள்: "போடட்டுமாடி?"

வெளியே மேஜையில் தோதோரிஸ் எதற்கோ பலமாகச் சிரித்தான், பெர்சிஃபோனி எலும்பை உறிஞ்சும் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. அசிமினா சட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், மூக்கைச் சுளித்தாள், முகத்தை எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பிக்கொண்டு சட்டியை முன்னால் நீட்டினாள்.

"சீக்கிரம் அக்கா" என்றாள். "கொஞ்சம் தள்ளி நின்னு."

ஸ்டமாதா தள்ளியெல்லாம் நிற்கவில்லை. நாலு தடவை துப்பினாள், மனசறிந்து. பிறகு அசிமினாவின் தலையில் ஒரு தட்டு தட்டி, "ஆறிடும், தின்னு" என்று சொல்லிவிட்டு மேஜைக்குப் போனாள்.

அசிமினா தின்றாள். ஒவ்வொரு கவளத்துக்கும் உடம்பு கூசியது, ரோமம் நின்றது, ஒரு தடவை கண்ணீர்கூட வந்தது. அப்புறம் ரொட்டியை எடுத்துச் சட்டியைத் துடைத்தாள்.